பூட்டிய வீட்டுக்கும் வெற்றிலை வை

என் மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வந்து சேர்ந்தது. கீழேயிருந்து காய்கறி ஏற்றிவரும் ஜீப்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மலைமேல் கரியாலூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நான் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாய். உன் பெயருக்குப் பக்கத்தில் நீ படித்த படிப்பு, அதற்குக் கீழே ஆபரேட்டர் என்று உன் உத்தியோகம். உன் அப்பா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு. அழைப்பவர் என்ற இடத்தில் என் பெயர். யாரையுமே அழைக்காதவளை அழைப்பவள் என்று அச்சடித்திருக்கிறாய். ஜீப்காரர் நீ சொல்லியனுப்பியதையும் சொன்னார். "நடந்ததெல்லாம் நடந்துபோச்சி, அம்மா வந்து மேடையில நின்னா போதும்னு தம்பி சொல்லச் சொல்லிச்சிம்மா." நடந்தது நடந்துபோச்சு என்று சொல்ல வேண்டியவள் நான். அந்தச் சொல்லையும் எனக்கு முன்னால் நீயே எடுத்துக்கொண்டாய்.

நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் வருகிறது. கடைக்காரர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பிழை திருத்தித் தருகிறேன், வாரப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன் ஆயா என்கிறாள். அனுப்பட்டும். இது நம் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை. பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லாத் தாய்க்கும் இதில் பங்கு இருக்கிறது.

நீ பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டும் கத்தியை உன் கையில் கொடுக்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வெட்டுக் கூட்டத்தில் மற்றவர்களின் பிள்ளைகள் லீவு நாளில் கரும்புக் கொல்லைக்கு வந்து, நுனியில் கழிக்கிற கொழுந்தாடையைப் பொறுக்கும். மாட்டுக்குப் போடலாம், இல்லையென்றால் விற்கலாம். நீ வர மாட்டாய். விட மாட்டோம். ஒருநாள் நீயாக வந்து ஒரு கட்டு தூக்கினாய். காய்ந்த சோகை இலை உன் கழுத்தில் கீறிவிட்டது. அதற்கு உன் அப்பா என்னைத் திட்டினார். "அவன் படிக்கிற புள்ள. அவன ஏன் இங்க வுட்ட?" படிக்கிற பிள்ளை என்றால் எங்களுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை மாதிரி. பிறகு ஏதோ ஒரு கல்லூரியின் ஆட்கள் வேனில் வந்தார்கள். நம் தெருவில் பாய் போட்டு உட்கார்ந்து வழவழப்பான படங்களைக் காட்டினார்கள். படிப்பு முடிகிற அன்றைக்கே கம்பெனிக்காரன் வாசலில் வந்து நிற்பான் என்றார்கள். உன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். கும்பிட்ட அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கம்பெனிக்காரன் வரவில்லை. நீ போனாய். ஓசூருக்குப் போனாய், ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாய். சில மாதம் வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த வருஷம் புதிதாகப் படித்துவந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்வார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாய். அரசாங்கப் பரீட்சைக்குப் படித்தாய். உன்னைப் போலப் படித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தீர்கள். காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்துப் பாலத்தின் மேல் போய் உட்கார்வீர்கள். பஸ் வரும், போகும். யாரும் ஏற மாட்டீர்கள். நாங்கள் கொல்லைக்குப் போகும்போது உங்களைத் தாண்டித்தான் போவோம். அப்போது நீ போனைப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வாய். நானும் பார்க்காதது போலப் போய்விடுவேன். அப்படி ஒருவரையொருவர் பார்க்காமலே வருஷங்கள் போயின.

கள்ளக்குறிச்சியில் வேலைவாய்ப்பு முகாம் என்றார்கள். நீ வேண்டாம் என்றும் நான் கூட வந்தேன். திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு மேஜையிலும் வரிசை. ஒரு மேஜைக்காரப் பெண் உன் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "சொல்லியனுப்புறோம் சார்" என்றாள். அப்புறம் உன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க எங்க வேலை செய்றீங்க? ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் வேணும். நாளைக்கே வரலாம்."

"நானா? எம் மவனுக்குத்தாம்மா வந்தேன்."

"அவருக்குச் சொல்லியனுப்புறோம்மா. நீங்க பேரக் குடுத்துட்டுப் போங்க."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் கொல்லையில் சொன்னபோது எங்கள் கூட்டத்து அஞ்சலையும் சிரித்தாள். அதன்பிறகு ரொம்ப நாளைக்கு, "இன்னாக்கா ஆபீசரம்மா, இன்னிக்கும் கத்திதான் புடிக்கிறியா?" என்பாள். உனக்கு அது எவ்வளவு சுட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் கேட்டுக்கொள், அது உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. படித்தவனுக்கு இல்லாத வேலை கூட்டித் துடைக்கிறவளுக்கு இருக்கிறதே என்று, எங்களை ஏமாற்றியவர்களைப் பார்த்துச் சிரித்தது. அழுவதற்குப் பதில் சிரித்தோம்.

அஞ்சலையை நீ மறந்திருக்க மாட்டாய். கூட்டத்தில் வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஒருவர் அடியோடு வெட்டிச் சாய்க்க வேண்டும், ஒருவர் சோகை கழித்துக் கட்டுக் கட்ட வேண்டும். எனக்கு உன் அப்பா ஜோடி. அவர் நெஞ்சுவலியில் போனபோது என் வேலையும் அவரோடு போயிருக்க வேண்டும், ஏனென்றால் ஜோடி இல்லாதவளுக்குக் கூட்டத்தில் இடம் இல்லை என்பது பழைய வழக்கம். அஞ்சலைதான் தன் ஜோடியாக இருந்த கொழுந்தனை வேறு ஒருவரோடு சேர்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா வெட்டட்டும், நான் கட்டுறேன். எவனுக்காவது ஆட்சேபணை இருந்தா என் கத்திகிட்ட சொல்லு" என்றாள். எவனும் சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுக்க நீ சாப்பிட்டது அவள் கட்டிய கட்டு.

பிறகு உனக்கு வேலை கிடைத்தது என்று வந்து சொன்னாய். விவசாய மெஷின் ஓட்டும் வேலை, கம்பெனிச் சம்பளம் என்றாய். என்ன மெஷின் என்று கேட்டேன். "டிராக்டர் மாதிரிம்மா, பெருசா இருக்கும்" என்றாய். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கடையில் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். அஞ்சலை இரண்டு வாங்கி ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். தங்கள் தலையில் விழப்போகிறதற்குத் தாங்களே இனிப்புத் தின்ற கூட்டம் எங்கள் கூட்டமாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களில் நீ ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் நிறையப் பேசினாய். வருஷக்கணக்காகப் பேசாத பிள்ளை பேசுகிறானே என்று எனக்குப் பூரிப்பு. எந்தக் கொல்லைக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருக்கிறது, யார் யார் எங்களிடம் வாய்ப்பேச்சாகப் பேசியிருக்கிறார்கள், எங்கே முதலில் இறங்குவோம் என்று கேட்டாய். குழம்பு ஊற்றிக்கொண்டே எல்லாம் சொன்னேன். மேட்டுக் கொல்லைக்குத்தான் முதல் வெட்டு என்றேன். ஆனால் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றும் சொன்னேன். ஏன் தள்ளிப்போகும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவின் வருஷத் தெவசம். கூட்டத்தில் ஒருவர் செத்தால், அவருக்குச் சாமி கும்பிட்டு, அவர் கத்தியைப் படையலில் வைத்து எடுத்த பிறகுதான் அடுத்த பருவத்தின் முதல் கரும்பை வெட்டுவது எங்கள் வழக்கம். அந்த ஒரு வாரம் யாருக்கும் கூலி இல்லை. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "மாமாவுக்குச் செய்யாம கத்திய எடுத்தா கை வெளங்குமா?" என்றார்கள். தெவசத்தன்று நீ மொட்டைத் தலையோடு உட்கார்ந்து பிண்டம் வைத்தாய். அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாய். அஞ்சலை உன் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நானும் அஞ்சலையும் மேட்டுக் கொல்லைக்காரர் வீட்டுக்குப் போனோம், காலையில் இறங்குகிறோம் என்று சொல்ல. அந்த வீட்டு அம்மா வெகுளி. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏன்டி, உம் மவன் வந்து பேசிட்டுப் போனானே, உங்கிட்ட சொல்லலியா? அம்மா கூட்டம் தெவசத்துக்காகக் குந்திக்கினு இருக்குது, அதுக்குள்ள கரும்பு காஞ்சி எட கம்மியாயிடும்னான். பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சே, நீ பாக்கலியா?" என்றாள். பக்கத்துக் கொல்லைக்கும் அதற்கடுத்த கொல்லைக்கும்கூட நீயே பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாள். நான் உனக்குச் சொன்ன அதே வரிசை. என் வாயில் இருந்து வந்த அதே வரிசை.

நாங்கள் கொல்லைக்கு நடந்தோம். சத்தம் தூரத்திலேயே கேட்டது. எங்கள் கூட்டம் நாள்கணக்கில் வெட்டுவதை அந்த மெஷின் துண்டுதுண்டாக நறுக்கி வண்டியில் துப்பிக்கொண்டே போனது. மேலே கண்ணாடிக்குள் நீ இருந்தாய். மொட்டைத் தலையை மறைக்கத் தொப்பி. என்னைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தினாய். இறங்கவில்லை.

"இன்னாடா இது?"

"வேலம்மா."

"யாரு வேலடா?"

நீ தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாய். பிறகு கத்தினாய். "நான் வரலன்னா வேற எவனாவது இந்த சீட்டுல குந்துவான். அப்ப இன்னா பண்ணுவ? எத்தினி வருசம் உன் கூலியில துன்னுக்கினு பாலத்து மேல கெடக்கச் சொல்ற? ஊரே சிரிக்கல? நீ சிரிக்கல?"

அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "வுடுக்கா, போலாம். தெவசத்துச் சோறு தம்பிக்குச் செரிச்சிடுச்சி" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் உன்னைச் சொல்லவில்லை.

நீ சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை. மெஷின் வரும், எனக்குத் தெரியாதா? கொல்லைக்காரர்களுக்கும் வெட்ட ஆள் கிடைக்காத வருஷங்கள் இருந்தன. கரும்பு காய்ந்து அவர்கள் தலையில் கை வைத்ததையும் பார்த்திருக்கிறேன். கரும்பு வெட்டுகிற வேலை ஒன்றும் சொர்க்கம் இல்லை. என் இடுப்பைக் கேள், சொல்லும். வேறு எவனாவது அந்த சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தால், எனக்கு வேலை மட்டும் போயிருக்கும். நீ வந்ததால் மகனும் போனான். மெஷின் முதலாளி டீக்கடையில் சொன்னாராம், உள்ளூர்ப் பையனை வைத்தால்தான் எந்தக் கொல்லை எப்போது என்று முன்கூட்டித் தெரியும் என்று. டீக்கடைக்காரர் என்னிடம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உன் படிப்புக்காக உன்னை எடுக்கவில்லையப்பா. உன் அம்மா வாய்க்காக எடுத்தார்கள். இத்தனை வருஷம் நீ படித்ததற்கு யாரும் வேலை தரவில்லை. நான் குழம்பு ஊற்றிக்கொண்டு பேசியதற்குத் தந்தார்கள்.

அதன்பிறகு நீ ஊர்ப்பக்கம் வரவில்லை. அங்கே என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். எங்கள் கூலி எங்கள் கையில் நின்ற காசு இல்லை. சனிக்கிழமை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கும் மளிகைக்கும் கறிக்கடைக்கும் போய்விடும். ஜாக்கெட் தைக்கிறவளுக்குப் போகும். நம் தெருவில் வேலை கிடைக்காத டீச்சர் பெண் ஒன்று டியூஷன் எடுத்ததே, அதற்குப் போகும். மெஷின் வாடகை அப்படி இல்லை. அது எந்த ஊர் வங்கிக்குப் போகிறதோ, நம் தெருப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. டீக்கடை இப்போது காலையில் மட்டும்தான். டியூஷன் நின்றது. அந்தப் பெண் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஏற ஆள் இல்லை என்று மினி பஸ் மத்தியான நடையை நிறுத்திவிட்டது. டிரைவருக்கும் அரை வேலை போயிற்று. மேட்டுக் கொல்லைக்காரர் ரோட்டோரம் கட்டி வாடகைக்கு விட்டிருந்த கடையும் காலி. வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்தவர் வாடகையில் விட்டார். அந்த வீட்டு அம்மா அதையும் வெகுளியாக என்னிடமே வந்து சொன்னாள்.

இங்கே கடையில் ஒரு டிவி ஓடும். நாடு வளர்கிறது என்று ஒரு கோடு மேலே ஏறுவதைக் காட்டுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு நம் பக்கத்துக் கரும்பு எப்போதும் போலத்தான் போயிற்று. சர்க்கரை எப்போதும் போலத்தான் வந்தது. அவர்கள் எழுதிவைக்கிற எதிலும் ஒன்றும் குறையவில்லை. குறைந்தது நாங்கள்தான். நாங்கள் குறைந்தது எந்தக் கோட்டிலும் தெரியவில்லை. படித்தவனுக்கு வேலை இல்லை, படிக்காதவளுக்கு இருந்த வேலையும் இல்லை. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் ஒரே சட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நாம் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது. அவர்கள் செய்த துரோகத்துக்கு வழக்குப் போட எனக்குத் தெரியாது. நீ செய்ததைத்தான் எனக்குக் கேட்கத் தெரியும்.

கூட்டம் கலைந்தது. சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்கு, சிலர் கேரளாவுக்கு. அஞ்சலை பேத்தியையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். நான் மலை ஏறினேன், முதலில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க. அங்கே பாப்பாத்தி என்று ஒருத்தி, இந்த மலைக்காரி. முதல் நாளே என்னைக் கேட்டாள். "கீழ வேல இல்லன்னு நீ மேல வர்ற. மேல வேல இல்லன்னு எம் மவன் கீழ போனான். ரெண்டு பேரும் வழியில பாத்துக்கினீங்களா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் கீழேயிருந்து எங்களைப் போல ஆட்கள் ஏறிவந்ததால் மலைக்காரர்களுக்குக் கூலி குறைந்தது. அது எனக்குத் தெரிந்தபோது உன் நினைப்பு வந்தது. நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேனா என்று ஒரு நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ வந்தேன். அவளிடம் நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீயும் சொல்லியிருக்கலாம். "யம்மா, இந்த மெஷின் கரும்பு வெட்டுற மெஷின், நான் போறேன்" என்று சோற்றுக்கு முன்னால் சொல்லியிருந்தால், சண்டை போட்டிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். ஆனால் இன்றைக்கு உன் மேடையில் நின்றிருப்பேன்.

உனக்கு இரண்டு சொல்ல வேண்டும். பத்திரிகையில் ஆபரேட்டர் என்று போட்டிருக்கிறாய். பெண் வீட்டில் நிரந்தர வேலை என்று நம்புகிறார்கள் என்று ஜீப்காரர் சொன்னார். ஆலையில் அரவை முடிந்தால் மெஷின் வேறு ஊருக்குப் போகும். அந்த ஊரில் இன்னொருத்தியின் மகன் பாலத்தின் மேல் உட்கார்ந்திருப்பான், தன் ஊர்க் கொல்லையெல்லாம் தெரிந்தவன். அப்போது உன்னை வைத்துக்கொள்வாரா என்று உன் முதலாளியைக் கேட்டாயா? அந்தப் பெண்ணிடம் தாலிக்கு முன்னால் சொல்லிவிடு. வேலை இல்லாதவனோடு ஒருத்தி வாழ்ந்துவிடுவாள். மறைத்தவனோடு ஒரே தட்டில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்கச் சொல்.

அடுத்தது, இந்த மேடை. காகிதத்தை நீட்டினால் அது தகவல். அம்மாவும் பிள்ளையும் தட்டோடு படியேறி வெற்றிலை பாக்கு வைத்தால்தான் நம் தெருவில் அது அழைப்பு. கூட்டத்து வீடு ஒன்றுக்குக்கூட நீ போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மண்டபம் கள்ளக்குறிச்சியில், நம் தெரு தூரம் என்று சாக்குச் சொல்லாதே. முகூர்த்தத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் மலையிறங்கி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீ வா. ஊருக்குப் போவோம். இருக்கிறவர்கள் வீட்டில் திட்டுவார்கள். நின்று வாங்கிக்கொள். முகத்தில் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். அஞ்சலை வீட்டில் திட்டக்கூட ஆள் இருக்காது. பூட்டுத் தொங்கும். பூட்டிய வீட்டுக்கும் வெற்றிலை வை. நிலைப்படியில், தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து வை. காய்ந்துபோகும், ஆடு தின்றுவிடும், பரவாயில்லை. வைத்தாய் என்று தெரு பார்க்கட்டும்.

எல்லா வீடும் முடித்தால் நான் உன் மேடைக்கு வருகிறேன். நீ வராவிட்டால் நான் தனியாக வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் மலை ஏறிவிடுவேன். அப்போது மேடையில் என் இடத்தில் அத்தையையோ சித்தியையோ நிறுத்தாதே. காலியாகவே விடு. ஏன் காலி என்று யாராவது கேட்டால், நீயே சொல்.

தட்டு நான் கொண்டுவருகிறேன். வெற்றிலை நீ வாங்கி வா.

உன் அம்மா